தொலைந்த கடற்கரைக்கு வழி சொல்பவர்கள்

கலிஃபோர்னியாவின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் எண் நெடுஞ்சாலையைத் தெற்கிலிருந்து வடக்காக விரலால் தொடர்ந்து பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவைத் தாண்டி, மெண்டோசினோ, ஃபோர்ட் பிராக் என்று கடலை ஒட்டியே போகும். ராக்போர்ட் என்ற இடம் வந்ததும் கடலை விட்டு உள்ளே திரும்பி, மலையேறி, லெகெட் என்ற சிற்றூரில் 101ஆம் எண் நெடுஞ்சாலையோடு சேர்ந்து முடிந்துவிடும். அதற்கு வடக்கே ஃபெர்ண்டேல் வரைக்கும் கடலோரமாக நெடுஞ்சாலை கிடையாது. வளைந்து நெளிந்து போகும் சில உள்ளூர்ச் சாலைகள் இரண்டொரு இடத்தில் கடலைத் தொட்டுவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். மலை செங்குத்து, மண் சரியும் மண். ஆகும் செலவைப் பார்த்துவிட்டுச் சாலை போடுகிறவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் துண்டுக்குத்தான் 'லாஸ்ட் கோஸ்ட்' என்று பெயர். தொலைந்த கடற்கரை.

இதன் வடபகுதி கிங் ரேஞ்ச் என்ற மலைத்தொடர். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை பார்த்துக்கொள்கிறது. கிங் சிகரத்தின் உயரம் 4,088 அடி. அங்கிருந்து கடல் மூன்று மைல்தான். மட்டோல் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து ஷெல்டர் கோவ் என்ற ஊரின் கருமணல் கடற்கரை வரை சுமார் 25 மைல் நடைபாதை. 'பாதை' என்பது ஒரு மரியாதைக்குத்தான். பெரும்பாலும் மணலிலும், கூழாங்கல்லிலும், பாறை உருண்டைகளிலும் நடக்க வேண்டும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பசிபிக்.

வருகிற மே மாதம் நாங்கள் நான்கு பேர் இதை நடப்பதாக இருக்கிறோம். நான்காவது ஆள் ஒரு நண்பரின் பதினாறு வயது மகள். அவளும் வருகிறாள் என்று முடிவானதிலிருந்து, இந்தக் கடற்கரைக்கு எப்படித் திட்டமிடுவது என்று சொல்லும் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைக் கட்டுரைகள், நடந்துவிட்டு வந்தவர்களின் குறிப்புகள், 'முழுமையான வழிகாட்டி' என்று தலைப்பிட்டவை, எல்லாமும். நான் இன்னும் அந்த மணலில் கால் வைக்கவில்லை. ஆகவே இது பயணக் கட்டுரை இல்லை. இந்த வகை எழுத்தைப் பற்றிய ஒரு வாசகனின் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் உப்பு கூடினால் சாப்பாடு வீணாகும். இந்த எழுத்தில் ஒரு வரி பிசகினால் ஒரு ஆள் அலைக்கும் மலைச்சுவருக்கும் நடுவே நிற்பார். அதனால் இதைக் கொஞ்சம் கறாராகவே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை நடப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் எழுதப்படுகின்றன. கடலின் கணக்கும், நிலத்தின் கணக்கும், அங்கே வாழ்ந்தவர்களின் கணக்கும் அவற்றில் ஓரக்குறிப்பாகத்தான் வருகின்றன.

நாள் என்கிற அலகு

வழக்கமான வடிவம் இது. நாள் 1: மட்டோலிலிருந்து ராண்டால் ஓடை, எட்டு மைல் சொச்சம். நாள் 2: ராண்டால் ஓடையிலிருந்து பிக் ஃபிளாட், இன்னொரு எட்டு மைல். நாள் 3: பிக் ஃபிளாட்டிலிருந்து ஷெல்டர் கோவ். மூன்று பகல், இரண்டு இரவு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் போதும். பார்க்க அழகாக இருக்கிறது. 25ஐ மூன்றால் வகுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கடற்கரை நாளால் வகுபடாது. பள்ளிக்கூடப் புவியியலில் ஓதம் என்று படித்தோமே, கடல்மட்டம் ஏறி இறங்குவது, அதனால்தான் வகுபடும். இந்தப் பாதையில் தலா சுமார் நான்கு மைல் நீளத்துக்கு இரண்டு பகுதிகள் உயர் ஓதத்தின்போது கடலுக்குள் போய்விடுகின்றன. முதலாவது, சீ லயன் கல்ச் என்ற ஓடைப்பள்ளத்திலிருந்து ராண்டால் ஓடை வரை. இரண்டாவது, மில்லர் ஃபிளாட்டின் தெற்கு முனையிலிருந்து கிட்செல் ஓடை வரை. தண்ணீர் ஏறிவிட்டால் நடக்க இடம் இல்லை. மேலே ஏறலாம் என்றால் பல இடங்களில் மலைச்சுவர் கையில் உதிரும்.

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மெரினாவில் மணல் அவ்வளவு அகலம், யார் கவனிக்கிறார்கள்? வட கலிஃபோர்னியாவில் அது ஏறத்தாழ ஏழு அடி. அதைவிட முக்கியமான ஒன்று: அங்கே ஒரு நாளில் வரும் இரண்டு தாழ் ஓதங்களும் சமமில்லை. ஒன்று நன்றாக வற்றும், இன்னொன்று பேருக்கு வற்றும். வசந்தத்திலும் கோடையிலும் நன்றாக வற்றுவது பெரும்பாலும் விடியற்காலை. குளிர்காலத்தில் அதுவே பிற்பகலுக்குப் போய்விடும்.

இதை வைத்து அந்த அழகான 'நாள் 1'ஐச் சோதித்துப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் மே மாத வாகில் இருப்பவை. காலை 7 மணிக்குத் தாழ் ஓதம், மட்டம் அரை அடி மைனஸ். பிற்பகல் 1.30க்கு உயர் ஓதம், 5 அடி. மாலை 6.40க்கு மறுபடி தாழ் ஓதம், ஆனால் 3 அடிக்குக் கீழே இறங்கவில்லை.

வழக்கமாக எல்லோரும் காரை ஷெல்டர் கோவில் நிறுத்திவிட்டு, ஷட்டில் வண்டியில் வடக்கே மட்டோலுக்குப் போய், அங்கிருந்து தெற்கு நோக்கி நடக்கிறார்கள். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும், முதுகில் வாங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் மலைச்சாலையில் அந்த ஷட்டில் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். காலை எட்டுக்கு ஏறினால் பத்துக்கு மேல் மட்டோல். மூட்டை கட்டி, மணலில் நான்கு மைல் சொச்சம் நடந்து சீ லயன் கல்ச் வரும்போது மணி ஒன்று. உயர் ஓதத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மாலைத் தாழ் ஓதத்துக்குக் காத்திருக்கலாம் என்றால் அது சரியாக வற்றவே இல்லை, அதோடு இருட்டும் சேர்ந்துகொள்ளும். ஆக, அன்றைக்கு அந்தப் பகுதியை ஒழுங்காகக் கடக்க வழியே கிடையாது. 'நாள் 1' என்ற வரி அந்தத் தேதிக்குப் பொய்.

இதே வரி ஜனவரியில் நடந்தவருக்கு உண்மையாக இருந்திருக்கலாம். பிற்பகலில் நன்றாக வற்றியிருக்கும், ஜம்மென்று நடந்திருப்பார், வீட்டுக்கு வந்து அப்படியே எழுதியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. தேதி போடாமல் எழுதினார், அதுதான் பிரச்சினை. எந்த மாதம், அன்றைக்கு ஓதம் எத்தனை மணிக்கு, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எப்போது நுழைந்து எப்போது வெளியே வந்தார் என்ற மூன்றும் இல்லாத பயணக் குறிப்பை அடுத்தவர் பயன்படுத்தவே முடியாது. லாக் ஃபைலில் டைம்ஸ்டாம்ப் இல்லாவிட்டால் நாம் என்ன செய்வோம்? அதே கதைதான்.

சரி, மே மாதத்துக்கு எது பொருந்தும்? முதல் நாள் மூன்று, நான்கு மைல் மட்டும் நடந்து, சீ லயன் கல்ச்சுக்கு முன்னாலேயே உயரமான இடமாகப் பார்த்துத் தங்குவது. மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் தாழ் ஓதம் 7.50க்கு, ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். நிதானமாகக் கடக்கலாம். விலை என்ன? அரை நாள். அந்த அரை நாளைக் கொடுக்க மனசில்லாமல்தான் இத்தனை திட்டங்களும் மூன்று நாளுக்குள் அடைத்துவைக்கப்பட்டிருக்கின்றன என்று சந்தேகப்படுகிறேன். அவற்றை அவசரப்படுத்துவது கடல் இல்லை, திங்கட்கிழமை காலை மீட்டிங்.

மூன்று அடி என்ற மந்திரம்

நாள் கணக்கைத் தாண்டி ஓதத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகளும் உண்டு. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு எண் 3 அடி. ஓத அட்டவணையில் மட்டம் 3 அடிக்குக் கீழே இருந்தால் நடக்கலாம், மேலே இருந்தால் நிற்கவும். எளிமையான விதி. எளிமையாக இருப்பதாலேயே நகலெடுத்து நகலெடுத்துப் பரவியிருக்கிறது.

எதிலிருந்து 3 அடி? இதைச் சொல்பவர்கள் குறைவு. அமெரிக்க அட்டவணைகளில் பூஜ்யம் என்பது தினமும் வரும் இரண்டு தாழ் ஓதங்களில் அதிகம் வற்றுவதை எடுத்து, 19 ஆண்டுகளுக்குச் சராசரி போட்ட மட்டம். அதனால்தான் சில நாள் மைனஸில் வருகிறது. அந்த அட்டவணை எப்படி உருவாகிறது? சந்திரனும் சூரியனும் எங்கே இருக்கும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தெரியும். அவற்றின் இழுப்பைப் பல அலைகளாகப் பிரித்துக் கூட்டுகிறார்கள். முக்கியமான அலைக்கு 12 மணி 25 நிமிடக் காலம். 1870களில் கெல்வின் இந்தக் கூட்டலைச் செய்யக் கப்பிகளும் பற்சக்கரங்களும் கொண்ட ஒரு இயந்திரத்தையே வடிவமைத்தார். கணினி வருவதற்கு முன்னால் மனிதர்கள் செய்த அருமையான கணக்குகளில் இது ஒன்று. எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அது வானியல் கணக்கு. அன்றைக்கு அடிக்கும் காற்று அதில் இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் போன வாரம் வீசிய புயல் கிளப்பிவிட்ட நெடிய அலைகளும் இல்லை. அட்டவணை சொல்வது அலையே இல்லாத அசையாத தண்ணீரின் மட்டம். அதன் மேல் மூன்றடி அலை வரும் காலை வேறு, பத்தடி அலை வரும் காலை வேறு. இரண்டு காலையிலும் அட்டவணை ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டு மாறிகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் பார்க்கிற 'இஃப்' வரியை என் டீமில் யாராவது எழுதினால் நான் அந்தக் கோடை உள்ளே விட மாட்டேன். இங்கே அது எத்தனையோ பேருடைய பயணத் திட்டத்தின் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு அந்தக் கரையில் அமைதியான நேரத்திலும் திடீரென்று வழக்கத்தைவிட வெகுதூரம் மேலேறி வந்து ஆளை இழுத்துப்போகும் அலைகள் உண்டு. 'ஸ்னீக்கர் வேவ்' என்பார்கள், திருட்டு அலை. அதற்கு எந்த அட்டவணையும் இல்லை. கடலுக்கு முதுகு காட்டாதே என்பது ஒன்றுதான் விதி. இதைப் பல கட்டுரைகள் சொல்கின்றன, ஆனால் எங்கே? கரடிக்கு எட்டாத உணவுப் பெட்டி, உண்ணி, விஷ ஓக் செடி, ராட்டில் பாம்பு என்ற பட்டியலில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ. உணவுப் பெட்டி கட்டாயம், பர்மிட் கட்டாயம், இரண்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எது அசௌகரியம், எது உயிர் என்று தரம் பிரிக்காத பட்டியல் ஒரு வழிகாட்டி ஆகாது.

நிலமும் நகரும்

இந்தக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட முழுசாக விடுபட்டுப்போன ஒரு விஷயம் நிலநடுக்கம். மெண்டோசினோ முனைக்குப் பக்கத்தில் மூன்று புவித்தட்டுகள் சந்திக்கின்றன: பசிபிக், வட அமெரிக்கா, கோர்டா. 1992 ஏப்ரல் 25 அன்று அங்கே 7.2 அளவில் நிலம் நடுங்கியது. மறுநாளே இரண்டு பெரிய பின்னதிர்வுகள். அந்த ஒரு நடுக்கத்தில் மெண்டோசினோ முனையிலிருந்து புண்டா கோர்டா வரையிலான கரையோரம் உயர்ந்துவிட்டது. அதிகபட்சம் 1.4 மீட்டர். ஓதத்துக்கு இடைப்பட்ட பாறைகளில் ஒட்டி வாழ்ந்த உயிரினங்கள் தண்ணீர் எட்டாமல் காய்ந்து செத்தன. செத்த உயிர்கள் எத்தனை உயரத்தில் இருந்தன என்று அளந்துதான் நிலம் எவ்வளவு உயர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நமது நடைபாதையின் வடக்குத் தொடக்கம் இந்த உயர்ந்த பகுதிக்குள்தான் இருக்கிறது. 'இந்த இடத்தில் இந்த மட்டம் வரைக்கும் நடக்கலாம்' என்று அதற்கு முன்னால் யாராவது எழுதி வைத்திருந்தால், அந்தக் குறிப்பு ஒரே காலையில் காலாவதி.

அன்றைக்கு ஒரு சிறிய சுனாமியும் கிளம்பியது. யுரீகா பக்கத்து ஹம்போல்ட் விரிகுடாவை அது சுமார் இருபது நிமிடத்தில் தொட்டது. 2024 டிசம்பர் 5 அன்று அதே முனைக்கு மேற்கே கடலடியில் 7.0 நடுக்கம், சுனாமி எச்சரிக்கை விடுத்துப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு அது கைபேசியில் வந்தது. கிங் ரேஞ்ச் கடற்கரையில் பெரும்பாலான இடங்களில் சிக்னலே கிடையாது. அங்கே நடப்பவருக்குக் காலடியில் நிலம் ஆடுவதுதான் எச்சரிக்கை. ஆடினால் எந்த ஓடைப்பள்ளம் வழியாக மேலே ஏறுவது என்று ஒவ்வொரு மைலுக்கும் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் சூரிய அஸ்தமனம் படத்துக்கு நன்றாக வரும் என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். ஏறுவழிகளை வரிசையாகச் சொல்லும் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

யாருக்குத் தொலைந்தது?

அடுத்து அந்தப் பெயர். பத்திரிகைக் கட்டுரை எதுவாக இருந்தாலும் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. தொலைந்தது, தீண்டப்படாதது, காலம் மறந்தது. 1930களில் இங்கிருந்து மக்கள் வெளியேறிய பிறகு வந்த பெயர் என்கிறார்கள். அதாவது அதற்கு முன்னால் அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கட்டுரைகள் பெயரை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடுகின்றன.

முதலில், மட்டோல் ஆற்றங்கரையிலும் அதற்குத் தெற்கிலும் மட்டோல், சின்கியோன் மக்கள் வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிகள் வந்து அவர்களைக் கொன்றார்கள், விரட்டினார்கள். அந்தப் படுகொலைகளில் ஒன்றில் சிறுமியாக இருந்து தப்பியவர் சாலி பெல் என்ற சின்கியோன் பெண். பிறகு 1865இல் மட்டோல் பள்ளத்தாக்கில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். பெட்ரோலியா என்ற ஊர்ப்பெயர் அதில் வந்ததுதான். தெற்கே பேர் ஹார்பரில் மரம் ஏற்ற ஒரு துறையும் ரயில்பாதையும் இருந்தன.

1907 ஜூலையில் ஷெல்டர் கோவுக்கு அப்பால் கொலம்பியா என்ற கப்பல் சான் பெட்ரோ என்ற மரக்கப்பலோடு மோதி மூழ்கியதில் 88 பேர் இறந்தார்கள். எடிசனின் மின்விளக்குகளை முதன்முதலில் வணிகரீதியாகப் பொருத்திக்கொண்ட கப்பல் அதுதான், 1880இல். இந்த விபத்துக்குப் பிறகு 1912இல் புண்டா கோர்டாவில் கலங்கரை விளக்கம் ஒளிர்ந்தது. 1951இல் மூடப்படும் வரை அங்கே காவலர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். இன்று நடப்பவர்கள் முதல் சில மைல்களுக்குள் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைக் கட்டடம் காலியான இடத்தில் முளைத்ததில்லை.

கதை இன்னும் முடியவில்லை. நடைபாதையின் தெற்குத் தொடர்ச்சியான சின்கியோன் வனப்பகுதியில் 1980களின் தொடக்கத்தில் பழைய ரெட்வுட் மரங்களை வெட்ட வந்தபோது, சாலி பெல்லின் பெயரைத் தாங்கிய தோப்புக்காக வழக்குப் போட்டார்கள். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்ட அனுமதித்த அரசுத் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்து, பத்துப் பழங்குடிகள் சேர்ந்து சின்கியோன் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 2022இல் ரெட்வுட் காடுகளைக் காக்கும் ஒரு அமைப்பு 523 ஏக்கர் காட்டை அந்தக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. அவர்கள் அதற்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். பொருள், மீன்கள் ஓடும் இடம்.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தொலைந்த கடற்கரை' என்பது சாலையில் இருப்பவர் வைத்த பெயர். அவர் கண்ணுக்கு எட்டாததால் தொலைந்தது. 'மீன்கள் ஓடும் இடம்' என்பது அங்கே நின்று பார்த்தவர் வைத்த பெயர். எதற்காக, எந்தப் பருவத்தில் அங்கே போக வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. பயணத் திட்டமாகப் பார்த்தாலும் இரண்டாவது பெயர்தான் கூடுதலாகச் சொல்கிறது.

பெயர் அரசியலைத் திட்டமிடலோடு ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே பழக்கம் என்று நினைப்பதால்தான். காலி இடம் என்று நினைத்துப் போகிறவர் அதை நம் வசதிப்படி மூன்றாக வகுக்கலாம் என்று நினைப்பார். ஏற்கெனவே அங்கே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து போகிறவர் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கிளம்புவார்.

எது நன்றாக இருக்கிறது

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. நில மேலாண்மைத் துறை வெளியிடும் வரைபடமும் குறிப்புகளும் வறட்சியான எழுத்து, ஒரு உரிச்சொல் கிடையாது. ஆனால் எந்தப் பகுதி மூழ்கும், குளிர்கால மழையில் ஓடைகள் கடக்க முடியாமல் போகலாம், பெரிய அலை வந்தால் திரும்பிவிடு என்பதெல்லாம் முன்னால் நிற்கின்றன. இந்த மலைத்தொடரில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு, ஆகவே ஓடை விஷயம் சும்மா சொன்னதில்லை. சில தனிமனிதக் குறிப்புகளும் அருமை. மணிக்கணக்கு எழுதியவர்கள், 'இங்கே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்' என்று எழுதியவர்கள், 'இங்கிருந்து திரும்பிவிட்டோம்' என்று எழுதியவர்கள். கடைசி வகைக்கு லைக் குறைவு. எனக்கு அவைதான் அதிகம் பயன்பட்டன.

திட்டமிடுவதற்காக நான் படித்தவற்றில் சிறந்த புத்தகம் பயண வழிகாட்டியே இல்லை. ஃப்ரீமன் ஹவுஸ் எழுதிய 'டோட்டம் சால்மன்', 1999இல் வந்தது. ஹவுஸ் முன்பு தொழில்முறை மீனவர். மட்டோல் பள்ளத்தாக்கில் குடியேறி, அழிந்துகொண்டிருந்த சால்மன் மீன்களை மீட்க ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். முட்டையிட ஆற்றில் ஏறி வரும் மீன்களைத் தடுப்பில் பிடித்து, முட்டைகளைப் பெட்டிகளில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஆற்றிலேயே விடுவது அந்த வேலை. கோடையில் மட்டோல் ஆற்றின் முகத்துவாரம் மணல்திட்டால் மூடிக்கொள்ளும். மழை வந்து ஆறு பெருகி அதை உடைத்துத் திறக்கும் வரை மீன் வெளியே காத்திருக்கும். மனிதர்கள் உள்ளே குளிரில், இருட்டில் காத்திருப்பார்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது இந்தக் காத்திருப்பை ஹவுஸ் எழுதியிருக்கும் விதம்தான். அவருக்கு அது வீணான நேரமாகத் தெரியவில்லை. வேலையின் பெரும்பகுதியே அதுதான். மரம் வெட்டுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள், சூழலியல்காரர்கள் என்று ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் ஒரே மேசைக்கு வருவதற்கும் அதே பொறுமையோடு காத்திருக்கிறார். ஒரு குறையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் தத்துவம் கொஞ்சம் தூக்கலாகி, ஆறு பின்னால் போய்விடுகிறது. இருந்தாலும், அந்த மணலில் காலடி வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் என்றால் இதைத்தான் சொல்வேன். நம் நடைபாதை தொடங்குவதே அந்த முகத்துவாரத்தின் பக்கத்தில்தான்.

எங்கள் திட்டம் இப்போது

எங்கள் நால்வருக்கான எக்செல் ஷீட்டில் 'நாள் 1, நாள் 2' என்ற பத்திகளை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பவை ஆறு வரிசைகள். அவற்றில் இரண்டுதான் மூழ்கும் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: நுழைய வேண்டிய கடைசி நேரம், இத்தனை மணிக்குள் பாதியைத் தாண்டாவிட்டால் திரும்ப வேண்டிய நேரம், இடையில் ஏறி நிற்கக்கூடிய ஓடைப்பள்ளம், அலை இந்த உயரத்துக்கு மேல் என்றால் அன்றைக்கு நடை கிடையாது என்ற எண். மற்ற நான்கு வரிசைகள் தங்கும், காத்திருக்கும் இடங்கள். கூழாங்கல்லில் மணிக்கு ஒரு மைல் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறேன். மொத்தம் நான்கு இரவு, அதற்கு மேல் ஒரு நாள் சாப்பாடு உபரி. கார் தெற்கே நிற்கும், ஆகவே எங்களுக்காக யாரும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். லீவு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம், மூன்று நாளில் அடைக்கப் போவதில்லை.

நண்பரின் மகள் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கிள், காத்திருக்கிற நேரம்தான் நடக்கிறதைவிட ஜாஸ்தியா இருக்கே, அப்போ நாம என்ன பண்றது?" ஹவுஸ் புத்தகத்தை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது லாஸ்ட் கோஸ்டில் ஏற்கெனவே நடந்திருந்தால் எனக்கு வேண்டியது படம் அல்ல. தேதி, அன்றைய ஓத நேரங்கள், அலை உயரம், ஒவ்வொரு மூழ்கும் பகுதிக்குள்ளும் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம். எங்காவது நின்றிருந்தால், எங்கே, எவ்வளவு நேரம். இந்த ஐந்தாறு எண்களை உங்கள் குறிப்பின் முதல் பத்தியில் போட்டுவிட்டு, அப்புறம் அஸ்தமனத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அதையும் கண்டிப்பாகப் படிப்பேன்.